சிவப்பு நூல் சுற்றிய பேட்டரி

அவளை எல்லோரும் ஷாக் அக்கா என்றார்கள். நாள் முழுக்க மின்சாரத்தோடு புழங்குவதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வைத்தவர்கள் நினைத்தது வேறு. கடைக்குள் வந்து வாயைத் திறந்தவர்களுக்கு என்ன கிடைத்ததோ அதை வைத்து வந்த பெயர் அது. "சரியாகுமா அக்கா?" என்று கேட்டால், "ஆகாதுன்னா எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று வரும். "எப்போ வரட்டும்?" என்று கேட்டால், "ரெடியானா சொல்ல மாட்டேனா, பூட்டி வச்சுக்கவா போறேன்?" என்று வரும். சரி, வாயையே திறக்க வேண்டாம் என்று பெட்டியை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றால் அதற்கும் தனியாக உண்டு. "என்ன கோளாறுன்னு நான் ஜோசியம் பாத்தா கண்டுபிடிக்கணும்?"

கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே போகப் போகக் கூரை தாழ்ந்துகொண்டே வரும். கடைசி மூலையில் குனிந்துதான் உட்கார முடியும். அந்த மூலையில்தான் அவளுடைய மேசை, விளக்கு, பூதக்கண்ணாடி, சால்டரிங் அயர்ன். மேலே யாராவது தடதடவென்று ஏறினால் தூசி உதிரும். உடனே ஒரு கட்டையை எடுத்துக் கூரையை இடித்து, ஏறுகிறவர் யாரென்று தெரியாமலே திட்டுவாள். சுவர் அலமாரிகளில் ஜாம் பாட்டில்களும் மாத்திரை டப்பாக்களும் வரிசையாக இருக்கும். எல்லாவற்றிலும் கழற்றி எடுத்த சாமான்கள். கெப்பாசிட்டர்கள் அளவு வாரியாக ஒரு பக்கம், டிரான்சிஸ்டர்கள் ஒரு பக்கம், இன்னும் பெயர் வைக்காதவை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில். புதிதாக வாங்கியது ஈயமும், ஈயம் நன்றாகப் பிடிக்கத் தடவுகிற ஃபிளக்ஸும் மட்டும்தான். மற்றதெல்லாம் யாரோ தூக்கி எறிந்த கம்ப்யூட்டர்களின் வயிற்றிலிருந்து வந்தவை.

அந்தத் தூக்கி எறிதல்தான் அவளுடைய முதல் கோபம். ஒரு கம்ப்யூட்டர் செத்துப்போவது பெரும்பாலும் சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரால். தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாகக் கசிந்திருக்கும். கண்ணுள்ளவர்கள் எட்டிப் பார்த்தாலே தெரியும். அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் இன்னும் பல வருடம் ஓடும். அதைச் செய்யாமல் முழுப் பெட்டியையும் தூக்கி எறிந்துவிட்டு, புதிது வாங்கிய அட்டைப்பெட்டியோடு சிரித்துக்கொண்டே போகிறார்கள். எறிந்த பெட்டிக்குள் நூறு நல்ல சாமான்கள் உயிரோடு கிடக்கும். இதை நினைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். எரிய வேண்டிய விஷயம்தான். எரியாமல் இருக்கிறவர்களை என்னவென்று சொல்வது?

இரண்டாவது கோபம் அவளுக்கு வேலையோடு சேர்ந்து வந்தது. சின்ன வயதில் ஒரு டெலிவிஷன் தொழிற்சாலையில் ஈயம் வைக்கும் பெண்களின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்கள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். இவள் தன் சால்டரிங் அயர்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். கடை போட்ட புதிதில் வந்தவர்கள் எல்லாம் அவள் தலைக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்றார்கள். நல்லபடியாகச் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் ஒருவரை வாங்கு வாங்கென்று வாங்கி, பெட்டியோடு வாசலுக்கு அனுப்பினாள். மறுநாள் அதே மனிதர் அதே பெட்டியோடு வந்து, "அக்கா, கொஞ்சம் பாருங்க" என்று கைகட்டி நின்றார். அன்று அவளுக்கு ஒரு விஷயம் புரிந்தது. கத்தினால் வேலை நடக்கிறது. அதற்குப் பிறகு அவள் அடக்கிக்கொள்ளவே இல்லை.

மூன்றாவது கோபத்தைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தாள். பழைய போர்டுகளில் பீப்பாய் வடிவத்தில் ஒரு சின்ன பேட்டரியை ஈயம் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். வயதானால் அது கசியும். கசிந்தது பச்சையாகப் படர்ந்து போர்டில் உள்ள செம்புக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தின்னும். ஒரு நூலகத்துக் கம்ப்யூட்டரின் போர்டை, பேட்டரியை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்தாள். திரும்ப எடுத்துப் பார்த்தபோது பாதி போர்டு போய்விட்டிருந்தது. அன்று பெயிண்ட் வாங்கி வந்து, கடைக்குள் வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும்படி கொட்டை எழுத்தில் சுவரில் எழுதினாள். 'போர்டு வந்ததா? முதலில் பேட்டரியை வெட்டு. அப்புறம் பேசு.'

வெட்டுவது அவள் கணவரின் வேலை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, கை சுத்தம். பேட்டரியைக் கத்தரித்து எடுத்து, அது இருந்த இடத்தை வினிகர் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, ஸ்பிரிட்டால் கழுவி, காயவைத்து அவள் மேசைக்கு நகர்த்துவார். பிறகு தெரு ஓரமாகப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த போர்டிலிருந்து சாமான்களைக் கழற்றுவார். எதையாவது கேட்க வேண்டுமென்றால் எழுந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நிற்பார். அவள் திரும்பினால் கேட்பார். திரும்பாவிட்டால் போய்விடுவார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் சண்டை போட்டதே இல்லை என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

கணவருக்கு ஒரு தங்கை. நாத்தனாருக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம் என்று சொல்லிவிட்டால் சுலபமாக இருக்கும். அப்படியும் இல்லை. நாத்தனாரை அவளுக்குப் பிடிக்கும், திட்டித்தான் காட்டத் தெரியும். அந்தப் பெண் புருஷன் வீட்டில் பட்டது போதும் என்று பையோடு கிளம்பி வந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாம் அனுசரித்துப் போ என்று பாடம் நடத்தினார்கள். ஷாக் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு சின்ன லாரியைக் கூட்டிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குப் போனாள். நாத்தனார் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய எம்பிராய்டரி மிஷின் அங்கே முன்னறையில் இருந்தது. கொடுக்க மாட்டோம் என்றார்கள். அவள் வாசல் கேட்டின் நடுவில் நின்றுகொண்டு தெருவே வெளியே வரும்படி போட்ட சத்தத்தில், "ஒரு ஸ்க்ரூ குறைஞ்சாலும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்" என்றாள். மிஷின் வந்தது. ஸ்க்ரூவும் குறையவில்லை.

அந்த மிஷின்தான் நாத்தனாரின் வாழ்க்கை. ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த அறையில் அதைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையில் தைக்கிற சின்னங்களைப் போட்டுக் கொடுத்தாள். பள்ளிக்கூடங்கள், ஒரு மருத்துவமனை, காவலாளிகளை அனுப்புகிற கம்பெனி என்று வாடிக்கை சேர்ந்தது. ஒவ்வொரு சின்னத்தையும் அவளே மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊசி இங்கே இறங்கு, இங்கே ஏறு, இங்கே நூலை மாற்று என்று பொத்தானை அழுத்தி அழுத்தி, புள்ளி புள்ளியாக. ஒரு சின்னத்துக்கே பல சாயங்காலங்கள் பிடிக்கும். அவ்வளவும் மிஷினின் நினைவில் இருந்தன, பெரும்பாலானவை வேறெங்கும் இல்லை. ஒரு பெரிய துணிக்கடை முதலாளி மிஷினோடு தன்னிடம் வேலைக்கு வந்துவிடும்படி அவ்வப்போது ஆள் அனுப்புவார். இனிமேல் யார் வாசலிலும் கைகட்டி நிற்கப் போவதில்லை என்று நாத்தனார் சொல்லி அனுப்புவாள். சின்னங்கள் மிஷினுக்குள் இருக்கும்வரை அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது.

அந்த மிஷின் திடீரென்று பாதித் தையலில் நிற்க ஆரம்பித்தது. ஊசி துணியில் குத்தியபடி நிற்கும், விளக்கு அணையும், தானாகவே மறுபடி எரியும். சர்வீஸ் ஆள் வந்து பார்த்துவிட்டு, இந்த மாடலுக்கு இப்போது போர்டே வருவதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். நாத்தனார் அண்ணனுக்குப் போன் செய்தாள். அண்ணன் வந்து சொன்னதும் ஷாக் அக்கா பொரிந்து தள்ளினாள். முதலில் சர்வீஸ் ஆளை. பிறகு போர்டு செய்வதை நிறுத்திய கம்பெனியை. அப்புறம் நாத்தனாரை. "கைக்கெட்டுற தூரத்துல நான் இருக்கேன், எவனையோ கூப்பிட்டுக் காட்டியிருக்கா. எனக்கு ஒரு போன் பண்ணா விரல் தேஞ்சுடுமா? போர்டைக் கழட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

நாத்தனார் போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்த காலை, ஷாக் அக்கா போனில் இருந்தாள். அந்தப் பக்கம் பழைய சாமான் வியாபாரி. அவருக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்ட சர்வர் போர்டுகளை அப்படியே தனக்கு வைத்திருக்கும்படி அவள் முன்பே சொல்லியிருந்தாள். அவர் மறந்துபோய், செம்புக்காக எல்லாவற்றையும் சுத்தியால் அடித்து நொறுக்கிவிட்டார். உயிரோடு இருந்த நல்ல கெப்பாசிட்டர்கள் தூளாகிவிட்டன. அவள் நெற்றி நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஷாக் அக்கா கையை ஆட்டி, வை, வை என்று மேசையைக் காட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் மறுபடி திரும்பியபோது துணி மூட்டை மேசையில் இருந்தது, நாத்தனார் இல்லை. அதையும் அவள் கவனிக்கவில்லை. சுத்தியலை அவள் இன்னும் பாதிகூடத் திட்டி முடிக்கவில்லை.

போனை வைத்தபோது தொண்டை கட்டியிருந்தது. மேசையில் போர்டு தயாராக இருந்தது. அதற்குள் வெளியிலிருந்து திரும்பி வந்திருந்த கணவர் வழக்கம்போல் பேட்டரியை வெட்டி, துடைத்து, காயவைத்து நகர்த்தியிருந்தார். போர்டைக் கண்டதும் அவளுக்குக் கோபம் இறங்கியது. நோய் ஒரே பார்வையில் தெரிந்தது. கரண்ட் நுழைகிற இடத்தில் நான்கு கெப்பாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. எந்தச் சர்வீஸ் ஆளும் கண்ணைத் திறந்திருந்தால் பார்த்திருக்கலாம்.

அதற்குச் சரியான ஜோடி பாட்டில்களில் இல்லை. சுத்தியலைத் திட்டிக்கொண்டே, முன்பு எப்போதோ வாங்கிப்போட்ட ஒரு சர்வரின் பவர் பெட்டியைப் பிரித்தாள். உள்ளே நல்ல ஜாதிக் கெப்பாசிட்டர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் சூடு காட்டிக் கழற்றி, மீட்டரில் வைத்துப் பார்த்து, சரியான அளவு காட்டியவற்றை மட்டும் ஒதுக்கினாள். எம்பிராய்டரி மிஷினின் போர்டில் ஓட்டைகள் நுணுக்கமானவை. அவசரப்பட்டு இழுத்தால் உள்பக்கச் செம்பும் சேர்ந்து வந்துவிடும். அவள் அவசரப்படவில்லை. இந்த வேலையில் மட்டும் அவளைப் போலப் பொறுமைசாலியைப் பார்க்க முடியாது. பழைய ஈயத்தை வழித்து எடுத்து, மைனஸ் காலைக் காட்டும் வெள்ளைக் கோடு எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்து வைத்து, ஈயம் மணி போல உருண்டு பளபளத்ததும் ஊதினாள். வெட்டிய பேட்டரிக்குப் பதிலாக, கசியாத புதிய பேட்டரியைத் தனி ஹோல்டரில் வைத்து இணைத்தாள். எம்பிராய்டரி மிஷினுக்குள் என்னென்ன இருக்கும் என்று அவள் அறியாதவள் இல்லை. சில போர்டுகளில் அந்தச் சின்ன பேட்டரிதான் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும், அதை எடுத்தால் அவ்வளவும் அழிந்துபோகும் என்று யாராவது கேட்டிருந்தால் அவளே விளக்கிச் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை.

சில நாள் கழித்து, கணவரோடு நாத்தனாரின் அறைக்குப் போய் போர்டை மாட்டினாள். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது, மோட்டார் மெல்ல உறுமியது, ஊசிகள் தங்கள் இடத்துக்கு வந்து நின்றன. ஷாக் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு அந்தச் சர்வீஸ் ஆளுக்கு ஒரு வசவு சொன்னாள். நாத்தனார் சந்தோஷமாகப் பொத்தானை அழுத்தி, மருத்துவமனைச் சின்னத்தைத் தேடினாள். பிறகு வேறொன்றை. பிறகு எல்லாவற்றையும். திரையில் வெறும் பூஜ்யங்கள் வந்தன. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, அந்தப் பழைய பேட்டரி எங்க?"

"அது எதுக்கு? எப்போ கசியலாம்னு இருந்துச்சு. புதுசு போட்டிருக்கேன் பாரு."

"அதுலதான் அண்ணி எல்லாம் இருந்துச்சு."

ஷாக் அக்காவுக்குப் புரிய ஒரு நொடிதான் ஆயிற்று. அடுத்த நொடி அவள் கணவர் பக்கம் திரும்பிவிட்டாள். தங்கை முன்னால், நூல் வெட்டுகிற இரண்டு பெண்கள் முன்னால், அச்சகத்துக்காரர்கள் கீழே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும்படி கத்தினாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? இது சாதாரண கம்ப்யூட்டர் போர்டு இல்லன்னு தெரியாதா? வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?"

கணவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். வெட்டிய பேட்டரி. அதன்மேல் சிவப்பு எம்பிராய்டரி நூலை நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. அவர் அதைக் குப்பையில் போடாமல் இத்தனை நாளாகப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

"நூலைப் பாத்ததும் எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு," என்றார். "கேக்க வந்தேன். நீ போன்ல இருந்தே. போர்டைத் தூக்கிக் காட்டினேன். நீ சுவத்தைக் காட்டினே."

"நானா?"

அவர் காதில் போன் வைத்திருப்பது போல ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலை ஆத்திரமாகச் சுவர்ப்பக்கம் நீட்டிக் காட்டினார். அவள் எப்படிக் காட்டுவாளோ அப்படியே இருந்தது. நூல் வெட்டுகிற பெண்களில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம் பேசுன்னு நீதானே எழுதி வச்சிருக்கே," என்றார். இத்தனை வருடத்தில் அவர் அவளுக்குப் பதில் பேசியது அதுதான் முதல் முறை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

அவளுக்கு அந்த விரல் சுத்தமாக நினைவில்லை. சுத்தியலைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருந்தது. பிடி கிடைக்காமல் நாத்தனார் பக்கம் திரும்பினாள். நூல் சுற்றத் தெரிந்தவளுக்கு வாய் இல்லையா, ஊமையாகவா பிறந்தாய் என்று ஆரம்பித்தாள். நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அன்று அவளும் விடவில்லை.

"சொல்லத்தான் அண்ணி வந்தேன். பேட்டரியைத் தொடக்கூடாதுன்னு மிஷின் வாங்கினப்பவே சொல்லியிருந்தாங்க. நீங்க கத்திட்டு இருந்தீங்க, பயமா இருந்துச்சு. சொல்ல முடியாமப் போகும்னு நினைச்சுத்தான் வீட்டுலயே அடையாளத்துக்கு நூலைச் சுத்தி எடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்றதை விட நூல் சுத்துறது சுலபமா இருந்துச்சு."

"ஃபிளாப்பியில எடுத்து வைக்கலையா?"

"அந்த டிரைவ் கெட்டு மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா? நான் ஒருத்தி இங்க..." என்று தொடங்கியவள் பாதியில் நின்றாள். அந்த டிரைவ் கெட்டபோது நாத்தனார் அவளிடம் சொன்னாள்தான். நூல் தூசியை உள்ளே விட்டு ஓட்டினால் எதுதான் நிற்கும், உனக்கெல்லாம் மிஷின் ஒரு கேடா என்று இவள் எரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே வரவில்லை. சரியாகிவிட்டது போல என்று இவளும் விட்டுவிட்டாள்.

அந்த இடத்திலேயே அவள் மனம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பூதமாக்கிட்டீங்க என்று சொல்லிவிட்டுப் படி அதிர இறங்கினாள். தெருவெல்லாம் தனக்குள் பேசிக்கொண்டே நடந்தாள். யாருக்காகக் கத்தினேன்? கத்தியிருக்காவிட்டால் அந்த மிஷின் இன்னும் அவள் புருஷன் வீட்டு முன்னறையில்தானே இருக்கும்? கத்தாத மகராசிகள் யார் வந்து மீட்டுக் கொடுத்தார்கள்? கேள்வி எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் அந்த நீட்டிய விரல் வந்து நின்றது.

கடை வாசலில் ஒரு பெரியவர் கையில் பெட்டியோடு காத்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பெட்டியை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு திரும்பி நடக்க ஆரம்பித்தார். நான் இன்னும் வாயையே திறக்கவில்லையே என்று அவருக்குப் பின்னால் கத்தப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். கோபம் வந்தது, வழக்கம்போல் உச்சந்தலை வரை வந்தது. யார்மேல் போடுவது என்றுதான் தெரியவில்லை.

உள்ளே போய் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் கிடந்த பழைய ஃபிளாப்பி டிரைவ்களை இழுத்துப் போட்டாள். ஒன்றில் மோட்டார் நன்றாக இருந்தது, ஒன்றில் படிக்கிற முனை நன்றாக இருந்தது. மறுநாள் நாத்தனாரின் டிரைவையும் கழற்றிக்கொண்டு வந்து, மூன்றையும் பிரித்து ஒன்றாக்கினாள். ஒரே காலையில் முடிந்துவிட்டது. மூன்று வருடமாக நடக்காத வேலை ஒரு காலை நேர வேலை என்பதுதான் அவளை எல்லாவற்றையும்விட அதிகமாக எரித்தது. அன்று பிளேடை எடுத்துச் சுவரில் இருந்த கடைசி இரண்டு வார்த்தைகளைச் சுரண்டினாள். நல்ல பெயிண்டாகப் பார்த்து வாங்கியிருந்தாள், சனியன், லேசில் போகவில்லை. பாதி போனபின்னும் என்ன எழுதியிருந்தது என்று படிக்க முடிந்தது.

டிரைவ் ஓடியது. நாத்தனாரிடம் இருந்த பழைய ஃபிளாப்பிகளில் சிலவற்றில் பூஞ்சை பிடித்திருந்தது. ஆரம்ப காலத்துச் சின்னங்கள் கொஞ்சம் கிடைத்தன. பின்னால் செய்தவை, அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை, எல்லாம் போனது போனதுதான். ஒரு பள்ளிக்கூடம் காத்திருக்க முடியாது என்று வேறிடம் போய்விட்டது. துணிக்கடை முதலாளிக்கு எப்படியோ விஷயம் தெரிந்து மறுபடி ஆள் அனுப்பினார். இந்தத் தடவை நாத்தனார் உடனே மாட்டேன் என்று சொல்லி அனுப்பவில்லை. மருத்துவமனைச் சட்டைகளை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

மருத்துவமனைச் சின்னத்தை முதலிலிருந்து மிஷினுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஷாக் அக்கா கடையை மதியத்தோடு சாத்திவிட்டு, பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கு வந்தாள். பழைய சட்டையிலிருந்து வெட்டி எடுத்த சின்னத்தை விளக்கடியில் விரித்து, ஊசி முனையால் ஒவ்வொரு தையலாக நகர்த்தி, எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நாத்தனார் பொத்தானை அழுத்தினாள். நடுவில் நாத்தனாரின் விரல் நின்றது. அழுத்தாமல், ஒன்றும் சொல்லாமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள் ஷாக் அக்கா. அந்த ஒரு வார்த்தையே கடித்துக் குதறுவது போல வந்தது. நாத்தனாரின் தோள் சுருங்கியதைப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி, "என்னம்மா, சொல்லு" என்றாள். அவளுக்குப் பழக்கமில்லாத குரல், யாரோ பேசுவது போல இருந்தது.

"அங்க தையல் வளைஞ்சு போகணும் அண்ணி. நீங்க நேராச் சொல்லிட்டீங்க."

பூதக்கண்ணாடியை நகர்த்திப் பார்த்தாள். வளைந்துதான் போயிருந்தது. கவனிக்காமல் விட்டிருந்தால் பிறகு எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட வேண்டியிருந்திருக்கும். "ஆமா," என்றாள். நாத்தனார் சரி செய்துகொண்டாள்.

கழுத்து வலித்தது. நிமிர்ந்து திரும்பியபோது முதுகுக்குப் பின்னால் கணவர் நின்றுகொண்டிருந்தார், கையில் டீ டம்ளரோடு. எப்போதும் நிற்பது போலவே, அவள் திரும்புவதற்காக.

"என்னங்க?"

"டீ குடிக்கிறியான்னு கேக்கலாம்னு," என்றார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"இப்பத்தான்."

அவள் டம்ளரை வாங்கினாள். சில்லென்று இருந்தது. டீயின்மேல் தடிமனாக ஆடை படிந்திருந்தது. சூடாக்கிக்கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்பார் என்று பார்த்தாள். அவர் கேட்கவில்லை. அவள் ஆடையோடு அதை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.